ஜெபமாலையில் பேசிக்கொண்ட வீடு

போன மாதம் மூன்று நாள், குற்றாலம் போகிற சாலையில் ஒரு தியான இல்லத்தில் அடைபட்டுக் கிடந்தேன். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்காதீர்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பு முடித்த சான்றிதழைக் கொடுத்தால்தான் பங்குச்சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பதுதான் ஓலை. ஓலை இல்லாமல் தாலி இல்லை. ஆகவே பதினெட்டு ஜோடிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரெல்லாம் சாரல் ஈரம், ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடிய மலை. அருவி நடந்து போகிற தூரத்தில்தான். ஆனால் வாசலில் ஒரு சிஸ்டர் சாவியோடு நிற்கிறார்.

இந்த மாதிரி வகுப்புகள் எனக்குப் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதல் வரிசையில் உட்கார்ந்து, நோட்டில் அடிக்கோடு போட்டு, கடைசி நிமிடத்தில் கேள்வி கேட்டு எல்லோருடைய சாப்பாட்டையும் தாமதப்படுத்தும் ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாளே, அது நான்தான். "திருமணத்தை நடத்தி வைக்கிறது நான்னு நினைச்சுட்டு இருக்கீங்க. நான் வெறும் சாட்சி. அந்த அருளடையாளத்தை ஒருத்தருக்கொருத்தர் கொடுக்கிறது நீங்க ரெண்டு பேருந்தான். உங்க வாயிலிருந்து வர்ற வார்த்தைதான் கல்யாணம்" என்று சாமியார் சொன்னபோது எனக்குப் புல்லரித்துப் போய்க் கையைத் தூக்கினேன். பக்கத்தில் ஜெரின், அதாவது மாப்பிள்ளை, என் காலை மெதுவாக மிதித்தான். கையை இறக்கினேன்.

இரண்டாம் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள். நாலாவது கேள்வி: 'உங்கள் பெற்றோர் தங்களுக்குள் வரும் கருத்து வேறுபாடுகளை எப்படித் தீர்த்துக்கொண்டார்கள்?' கீழே இரண்டு புள்ளிக்கோடுகள். ஜெரின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'பேசி' என்று எழுதிவிட்டு, மீதிக் கோட்டில் ஒரு பைக் படம் வரைய ஆரம்பித்தான். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இடைவேளை மணி அடித்து, எவர்சில்வர் டம்ளரில் எலுமிச்சைச் சாறு வந்துவிட்டது. உதட்டருகே கொண்டு போனேன். அவ்வளவுதான், அப்பா வந்து நின்றுவிட்டார்.

அப்பாவின் வாசனை எலுமிச்சை. மற்றவர்களுடைய அப்பாக்கள் பவுடர் வாசனையோடோ பீடி வாசனையோடோ வீடு திரும்புவார்கள். எங்கள் அப்பா புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுபவர். விடியுமுன் குத்துக்கல்வலசையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கிளம்பிப் போவார். மூட்டை மூட்டையாகக் காய் வந்து தரையில் கொட்டும். அதன் நடுவில் நின்று மத்தியானம் வரை கத்த வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வியாபாரிகளைக் கிண்டல் செய்தார், ஒருவரைப் பாட்டுப் பாடி அழைத்தார், "அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தா காய் வாங்க வந்த மாதிரி தெரியலையே, சம்பந்தம் பேச வந்த மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிச் சந்தையையே சிரிக்க வைத்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன். ஏனென்றால் வீட்டில் அப்பா பேச மாட்டார். சரியாகச் சொன்னால், அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை, ஏழு வருடம்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மஸ்கட் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். அப்போது எங்கள் தெரு புதிதாக முளைத்த தெரு, கதவெண்கூட ஒழுங்காகக் கிடையாது, தபால்காரர் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுவார். ஆகவே அப்பாவின் கடை முகவரியைக் கொடுத்திருந்தார். கடிதம் வரவில்லை என்று இரண்டு மாதம் காத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, கூட விண்ணப்பித்திருந்த செங்கோட்டைக்கார அக்கா ஒருத்தி அல்வாவோடு வீட்டுக்கு வந்தாள். "எந்தா இது, கொச்சிக்கு நீ வரவே இல்ல? இன்டர்வியூல உன் பேரக் கூப்பிட்டுட்டே இருந்தாவ" என்றாள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா பைக்கை நிறுத்தும்போதே அம்மா வாசலில் நின்றார். நான் அம்மாவின் பின்னால்.

"லெட்டர் வந்துச்சா?"

அப்பா சாவியை எடுக்காமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். "வந்துச்சு."

"எங்க?"

"கடை டிராயர்ல கெடக்கு."

"ஏன் தரல?"

அப்பா கையை நீட்டி என்னைக் காட்டினார். "இவள யாரு பாத்துக்குவா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று ஒரு சாமானைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு உள்ளே போய் அரிசி களைந்தார். அதற்குப் பிறகு அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவும் இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மற்ற வீடாக இருந்தால் அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார், பெரியவர்கள் வந்து பேசியிருப்பார்கள், ஏதோ ஒரு முடிவு வந்திருக்கும். எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அப்பாவுக்குச் சட்டை துவைத்துக் கிடைத்தது, சோறு தட்டில் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே பைக்கில் பூசைக்குப் போனோம், நான் நடுவில். சமாதானம் சொல்லுங்கள் என்று பூசையில் ஒரு கட்டம் வருமல்லவா, அப்போது அம்மா இடது பக்கத்தில் இருப்பவரை வணங்குவார், அப்பா வலது பக்கத்தில் இருப்பவரை வணங்குவார். பார்ப்பவர்களுக்கு நாங்கள் அச்சடித்த திருக்குடும்பப் படம். எங்கள் கூடத்துச் சுவரில்கூட, ஆண்டவரே இந்த வீட்டின் தலைவர், எங்கள் பேச்சையெல்லாம் மௌனமாகக் கேட்கிறவர் என்கிற மாதிரி ஒரு வாசகம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பாவம், அவருக்குக் கேட்க அங்கே ஒன்றுமே இல்லை.

பேச்சுக்கு நான் இருந்தேன். "ஏட்டி, அப்பாட்ட சொல்லு, கேஸ் தீந்துட்டு." மூன்று எட்டு நடந்து கூடத்துக்குப் போவேன். "அப்பா, கேஸ் தீந்துட்டாம்." "வெள்ளிக்கிழமதான் வருமாம்னு சொல்லு." மூன்று எட்டு திரும்பி வருவேன். இரண்டு பேர் காதிலும் எல்லாம் நேராகவே விழுந்திருக்கும், இருந்தாலும் நான் போய்ச் சொன்னால்தான் செல்லும். ஆரம்பத்தில் இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இரண்டு நாட்டுக்கு நடுவில் தூதர் மாதிரி. சின்னச் சின்னத் திருத்தங்கள்கூடச் செய்வேன். "அவுகளுக்குக் கண்ணு இல்லையா" என்று அம்மா சொன்னால், "அப்பா, கொஞ்சம் பாத்து எடுப்பீங்களாம்" என்று கொண்டுபோய்க் கொடுப்பேன். பன்னிரண்டு வயதில் அது அலுத்துவிட்டது. பதினான்கில், பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று சொன்னால் முதலில் எனக்குத் தோன்றுவது 'மூணு நாள் இவங்க என்ன பண்ணுவாங்க' என்பதுதான். போகவில்லை.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஊர் சுற்றப் போன ஒரே இடம் குற்றாலம். சீசன் வந்தால் வருடத்துக்கு ஒரு தடவை. யோசித்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்துக்கென்றே செய்து வைத்த இடம் அது. மெயினருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பி. தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, ஆகவே யார் பேசவில்லை என்று தெரியவும் தெரியாது. அம்மா அருவிக்கு அடியில் கண்ணை மூடி நின்றால் லேசில் வெளியே வர மாட்டார். பின்னால் நிற்கிற பெண்கள், "எக்கா, நாங்களும் குளிக்கத்தான் வந்திருக்கோம்" என்று சத்தம் போடுவார்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வருவேன். அந்த முகத்தை வீட்டில் பார்த்ததில்லை.

சரி, ஜெபமாலைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தானே ஆரம்பித்தேன்.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபமாலை. சண்டை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அது நிற்காது. சுரூபம் என்று நாங்கள் சொல்கிற மாதா சிலைக்கு முன்னால் மெழுகுவத்தியை ஏற்றி மூன்று பேரும் பாயில் உட்காருவோம். ஜெபமாலை தெரியாதவர்களுக்கு: ஐந்து முறை பத்துப் பத்து மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜெபம். முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். தனியாக முழுதும் சொல்லலாம்தான், ஆனால் குடும்பமாகச் சொன்னால் அதுதான் முறை. அப்பா முன்பாதியைத் தொடங்குவார். அம்மா பின்பாதியை முடிப்பார். அடுத்த பத்தில் மாறும். ஆக, நாள் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர், தினமும் அரைமணி நேரம் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய வேடிக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதோடு ஒவ்வொரு பத்து மணிக்கு முன்பும் ஒரு கருத்து சொல்ல வேண்டும். நோயாளிகளுக்காக, உலக சமாதானத்துக்காக, இப்படி எதற்காவது இந்தப் பத்து மணியை ஒப்புக்கொடுக்கிறோம் என்று. பேச்சு நின்று ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் அம்மா, வழக்கமான ஜெபக் குரலில், "மாடித் தொட்டி ரெண்டு நாளா ஒழுகுது, அது சீக்கிரம் சரியாகும்படியாக இந்தப் பத்து மணியை ஒப்புக்கொடுக்கிறோம்" என்றார். நான் தலையைத் தூக்கினேன். அப்பா கண்ணைத் திறக்காமல் பின்பாதியைச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பிளம்பரோடு வந்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா! உலக சமாதானம் எங்கள் வீட்டு ஜெபமாலையிலிருந்து மெல்ல விடைபெற்றது. "நாளைக்கு ராயகிரியில ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டியிருக்கு, எல்லாரும் எட்டு மணிக்கே கிளம்பி நிக்கிற நல்ல மனசைத் தரும்படியாக" என்பார் அப்பா. "சட்டைப் பையில பஸ் டிக்கெட்டைப் போட்டே துவைக்கக் குடுக்கிறவங்களுக்கு ஞாபகசக்தியைத் தரும்படியாக" என்பார் அம்மா. "ஒரே புளிக்குழம்பு மூணு நாளா வருது, அதைச் சாப்பிடுகிற ஏழைகளுக்காக." "எலுமிச்சங்காய் மட்டும் கொண்டு வந்து காய்கறி வாங்காம வருகிற உழைப்பாளர்களுக்காக." நான் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரும் மாதாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு வராத நாட்களும் உண்டு. அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோது, அம்மா வேலைக்குப் போகாமல் பதினைந்து நாள் கூடவே இருந்து பார்த்தார். நாடி பிடித்தார், ஊசி போட்டார், வாயில் ஊட்டினார். ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் கட்டிலில் படுத்தபடியே அப்பா, "தப்பு செஞ்ச ஒருத்தர, பாதிக்கப்பட்டவங்க மன்னிக்கும்படியாக" என்று ஒப்புக்கொடுத்தார். அம்மாவின் முறை. நான் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா பின்பாதியைச் சொன்னார். பத்து தடவையும் ஒரே மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

பின்னொரு நாள் அம்மாவே என்னிடம் சொன்னார்: "பாவசங்கீர்த்தனத்துல சாமிட்டச் சொன்னேன். மன்னிச்சிட்டேன் சாமி, பேச்சுதான் வரமாட்டேங்குதுன்னு." பாவ அறிக்கையைக் கேட்ட சாமியார் அதற்கு என்ன பரிகாரம் கொடுத்தார் தெரியுமா? தினமும் குடும்பமாக ஜெபமாலை சொல்லச் சொன்னாராம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மே மாதத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் எனக்கு ஆங்கில இலக்கியம் கிடைத்தது. தென்காசிப் பக்கத்திலேயே கல்லூரிகள் இருந்தன, ஆனால் எனக்குத் திருச்சிதான் வேண்டும். திருச்சி என்றுகூட இல்லை. அந்த மூன்று எட்டு நடைக்கு வெளியே இருக்கிற எந்த ஊரானாலும் சரி. விடுதி விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வாரம் தள்ளி, சேர்க்கை நாளான வியாழக்கிழமை இருவரும் நேரில் வந்து விடுதித் தலைவியைப் பார்க்க வேண்டும்; ஒருவர் வராவிட்டாலும் இடம் இல்லை என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. தாளை முதலில் அப்பாவிடம் நீட்டினேன்.

"அம்மாட்ட கேளு."

மூன்று எட்டு. அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவுக மொதல்ல போடட்டும்."

மூன்று எட்டு. "அம்மை போட்டபொறவு பாப்போம்."

போதும் என்று தாளை மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது, நவநாள் ஜெபம் மாதிரி. தினமும் சாயங்காலம் ஒரு பத்து மணியை நான் அதற்காக ஒப்புக்கொடுத்தேன். இரண்டு பேரும் பின்பாதியை ஒழுங்காகச் சொன்னார்கள். கையெழுத்து விழவில்லை. பத்தாம் நாள் திங்கட்கிழமை. காலையில் எழுந்து பார்த்தால் தாள் இல்லை. அப்பா புளியங்குடிக்குப் போயிருந்தார்.

அம்மா சுரூபத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கீழே மெழுகுக் கறை மட்டும் இருந்தது. சுரூபத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எனக்கு அன்று வந்த பயம் அவருக்கு ஒன்பது நாளாகவே இருந்திருக்கிறது என்று. மறுபடியும் ஒரு கடிதம். மறுபடியும் அதே கை.

இதில் கூத்து என்னவென்றால், அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் கூட்டம். மே மாதம் மாதா வணக்க மாதம். எங்கள் பகுதி அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவில், தினம் ஒரு வீடாக ஜெபமாலை போகும். அன்று எங்கள் முறை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கடலையை வேகவைத்துச் சுண்டல் தாளித்தார். நான் பாய் கேட்டு வீடு வீடாக அலைந்தேன். ஏழு மணிக்கு முப்பது பேர். கூடம் நிறைந்து வாசல்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியும் புழுக்கம். அப்பா ஏழு மணிக்குச் சற்று முன்புதான் வந்தார். சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் எலுமிச்சை வாசனையோடு சுரூபத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அன்பியத் தலைவி செல்வராணி டீச்சர் நோட்டும் பேனாவுமாக நடத்தினார். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் சொல்லி, கடைசிப் பத்து வீட்டுக்கார அம்மாவுக்கு. திங்கட்கிழமை என்றால் மகிழ்ச்சி மறைபொருள்கள். ஐந்தாவது, காணாமல்போன பிள்ளையைப் பெற்றவர்கள் மூன்று நாள் தேடிக் கோயிலில் கண்டுபிடித்தது.

"கருத்து சொல்லும்மா" என்றார் டீச்சர்.

அம்மா கண்ணை மூடினார். "மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்காக..." என்று ஆரம்பித்தார். வழக்கமான ஜெபக் குரல்தான். "இந்த வீட்டுக்கு ஏழு வருசத்துக்கு முன்னால ஒரு கடிதம் வந்தது. அதை மறைச்சு வச்ச கை, இந்தப் பிள்ளைக்கு வந்ததையும் மறைச்சு வைக்காதபடிக்கு..."

அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. ஒப்புக்கொடுக்கிறோம் என்று முடிக்க வேண்டும். முப்பது பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அம்மா கண்ணைத் திறந்தார். மாதாவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தார்.

"தருவியளா, மாட்டியளா?"

அது ஜெபக் குரல் இல்லை. ஏழு வருடமாக நான் கேட்காத குரல். எவ்வளவு சாதாரணமாக இருந்தது! யாரோ இருமினார்கள். டீச்சர் நோட்டை மூடி வைத்தார். அப்பா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த தாள். வியர்வையில் உறை ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை.

"மறைக்கல" என்றார். "பேனாவ எடுத்தேன்... கை வரல. நாள் முழுக்கப் பையிலயே வச்சிருந்தேன்."

"இப்ப போடுங்க."

டீச்சர் தன் பேனாவை நீட்டினார். அப்பா ஜெபப் புத்தகத்தை அடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா வாங்கி, அதே புத்தகத்தின் மேல் வைத்து, அவருடைய கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். பிறகு, இடையில் எதுவுமே நடக்காதது போல முன்பாதியைத் தொடங்கினார். முப்பது பேரும் பின்பாதியைச் சொன்னார்கள், என் ஞாபகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. சுண்டல் சாப்பிடும்போது யாரும் எதையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி மட்டும், என்ன சொல்வதென்று தெரியாமல், "சுண்டல்ல உப்பு சரியா இருக்கு" என்று மூன்று தடவை சொன்னார்.

வியாழக்கிழமை திருச்சியில் விடுதி வாசலில் என்னை விட்டுவிட்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது, அப்பா என் பெட்டியைத் தேவையில்லாமல் நகர்த்தி நகர்த்தி வைத்தார். "நீ இல்லன்னா நான் யார்ட்ட சொல்லி அனுப்புவேன், சொல்லு. அதான் கை வரல" என்றார். எனக்கு அவர் மேல் இரக்கமாகவும் இருந்தது, உடனே உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஆறேழு மணி நேரப் பயணத்தில், நடுவில் யாருமில்லாத ஒரு சீட்டில், ஊர் திரும்பினார்கள். அந்தப் பயணத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுவரை அவர்களுக்குள் நடந்த எல்லாப் பேச்சையும் சுமந்தவள் நான். அந்த ஒன்றை மட்டும் சுமக்கவில்லை.

அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். முதல் வருடம் விடுதியிலிருந்து போன் பண்ணினால் பின்னணியில் இரண்டு குரல் கேட்கும். நான் அறைத் தோழிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஜெபத்தின் வல்லமை என்று விடுதி ஆண்டு மலரில் ஒரு கட்டுரைகூட எழுதினேன், முதல் பரிசு. குடும்பம் என்றால் பேச வேண்டும், பேசினால் எல்லாம் சரியாகும் என்று பதினெட்டு வயதில் எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது ஏழு மணிக்கு டிவியில் ஜெபமாலை ஓடுகிறது. முன்பாதி, பின்பாதி, கருத்து எல்லாம் டிவியில் இருப்பவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அப்பா சோபாவில் சாய்ந்து உதடு மட்டும் அசைக்கிறார். தொட்டி ஒழுகினால் நேராகச் சொல்லிவிடுகிற வீட்டில் மாதாவுக்குப் பழையபடி உலக சமாதானம்தான். சமையலறையில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற இன்னும் சில வருடம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கான வயது எப்போதோ தாண்டிவிட்டது. நான் என் கல்யாணத்தைப் பற்றி, ஜெரினைப் பற்றி, நாங்கள் எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசிக்கொள்கிறோம் என்பதைப் பற்றி வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நல்லது" என்றார் அம்மா. செதில் சுரண்டியபடியே, "எல்லாத்தையுமா பேசிருதிய?" என்று கேட்டார்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லட்டி. பேசாம இருந்த அந்த ஏழு வருசம் அவுகளுக்குத் தண்டனைன்னுதான் எல்லாரும் நெனச்சிருப்பாவ. நீயுந்தான். எனக்கு அது அப்படி இல்ல. இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எல்லாருக்கும் பொது. அதுக்குள்ள மட்டும் யாரும் வர முடியாது. அன்னைக்கு உனக்காக அதையும் எடுத்துப் போட்டுட்டேன்."

"வருத்தமாம்மா?"

"வருத்தம் என்ன. நீ படிச்சிட்டல்லா."

மறுபடி பேசாமல் இருந்துவிடலாமே என்று கேட்கவா முடியும்? ஒரு தடவை பேசிவிட்டால், அடுத்த நாள் 'வெந்நி போடு'க்கும் பதில் சொல்லத்தானே வேண்டும். கூடத்தில் ஜெபமாலை முடிந்து விளம்பரம் வந்தது.

"ஏட்டி, என் கண்ணாடியப் பாத்தியா?" என்று அப்பா குரல் கொடுத்தார்.

மீன் கழுவிய அம்மாவின் கை நிற்கவில்லை. "சன்னல்ல இருக்கு, பாருங்க."

"கெடச்சிட்டு" என்றார் அப்பா.

அதற்கும் அம்மா ஒரு "ம்" சொல்ல வேண்டியிருந்தது.